லாகிரியும் தன்னறிவும்

இக்காலத்தார் 'போதைப்பொருள்' என்று வழங்குவதனை நம் பாட்டன்மார் 'லாகிரி வஸ்து' என்றனர். பெயர் மாறிற்றேயன்றிப் பொருளின் இயல்பு மாறிற்றில்லை. கள், சாராயம், அபினி, கஞ்சா, புகையிலை என்று அவர்கள் எண்ணிய வரிசையோடு, நோயாளரின் வலி தணிக்கவென்று செய்யப்பட்ட மாத்திரைகளும் நம் நாளிற் சேர்ந்துள்ளன. இவற்றைப்பற்றி மாணாக்கராகிய நாம் கேட்கும் பேச்சு பெரும்பாலும் இருவகைத்து. மேடையேறுவோர் நம்மை அச்சுறுத்துவர். விடுதியறையில் உடனுறைவோர் அவ்வச்சத்தை நகையாடுவர். அச்சுறுத்துவோர் கூறும் பயங்கரங்கள், ஒருமுறை உண்டவனுக்கு மறுநாட்காலையில் நேராமை காண்டலின், அவன் அவர் கூறிய அனைத்தையுமே பொய்யென்று தள்ளிவிடுகின்றான். நகையாடுவோரோ பொருளின் தன்மையையும் அறியார், தம்மையும் அறியார். உட்கொள்ளப்படும் பொருள் உடலில் யாது செய்கின்றது என்பதும், உட்கொள்வோன் தன்னை எவ்வளவு அறிந்துள்ளான் என்பதும் ஒருங்கே ஆராயப்படுதல் வேண்டும் என்பது என் கருத்து. இரண்டாவதே கடினம், ஆதலின் முதலாவதினின்றும் தொடங்குகின்றேன்.

தொடங்குமுன் நம் முன்னோர் கொள்கையைப்பற்றி ஒரு சொல். தமிழர் ஆதியிலிருந்தே மதுவை வெறுத்தனர் என்பார் உளர். அது சரித்திரத்தோடு பொருந்தாது. சங்கப் புலவர் கள்ளை வெறுத்தாரல்லர்; அதியமானும் ஒளவையாரும் கள்ளைப் பகிர்ந்துண்டமை புறநானூற்றாற் பெறப்படும். திருவள்ளுவரே இதனைத் தனியதிகாரமாக்கி விலக்கினார். 'கள்ளுண்ணாமை' திருக்குறளின் 93ஆம் அதிகாரம். இங்கு நோக்கத்தக்கதொன்றுண்டு. புலால் மறுத்தலையும் கள்ளாமையையும் அறத்துப்பாலில் துறவறத்தின்கண் வைத்த ஆசிரியர், கள்ளுண்ணாமையைப் பொருட்பாலில், சூதிற்கு முன்னாக வைத்தார். என்னை? துறவிக்கு மட்டும் உரியதாக அவர் இதனைக் கருதவில்லை. குடியும் குடும்பமும், அரசும் பொருளும், மானமும் மதிப்பும் உடையார்க்கு இவை அழியும் வழிகளுள் ஒன்றாகவே இதனைக் கண்டார். பாவம் என்ற சொல்லைக்காட்டிலும் நட்டம் என்ற சொல் இளைஞர் செவியில் விரைந்தேறும் என்பதனை அவர் அறிந்திருந்தார்போலும்!

இனி, மூளையின் தொழிற்பாட்டிற்கு வருவோம். 1954ஆம் ஆண்டில் கானடா தேசத்து மக்கில் பல்கலைக்கழகத்தில் ஓல்ட்ஸ், மில்னர் என்னும் இருவர் எலிகளின் மூளையில் ஓரிடத்தில் நுண்ணிய மின்கம்பியைச் செலுத்தி, எலி தானே ஒரு நெம்புகோலை மிதித்தால் அவ்விடத்தில் சிறு மின்னோட்டம் பாயுமாறு அமைத்தனர். எலிகள் அக்கோலை மணிக்கு நூற்றுக்கணக்கான முறை மிதித்தன. மூளையில் 'இது நன்று, மீண்டும் செய்க' என்று முத்திரையிடும் உறுப்பமைப்பு ஒன்று உண்டென்பது இதனால் வெளிப்பட்டது. பசித்தவன் உண்ணும்போதும், தாகித்தவன் நீர் பருகும்போதும், நண்பரைக் கண்டு மகிழும்போதும் அவ்வமைப்பே இயங்குகின்றது. டோபமின் என்னும் பொருள் அதன் தூதுவன். லாகிரிப் பொருள் ஒவ்வொன்றும் நேராகவோ சுற்றுவழியாகவோ இத்தூதுவனை இயல்பினும் மிகுதியாக வெளிப்படுத்துவது. உழைத்துப் பெறவேண்டிய முத்திரையை உழையாது பெறும் கள்ளக்கையெழுத்து என்று இதனைச் சொல்லலாம்.

கள்ளக்கையெழுத்துப் பெருகிய ஊரில் மெய்க்கையெழுத்திற்கும் மதிப்புக் குறையுமன்றோ? மூளையும் அவ்வாறே தன் காவலை இறுக்குகின்றது. முன்பு ஒரு குவளை செய்ததைப் பின்பு மூன்று குவளை செய்யவேண்டும். அதனினும் கொடிது, சோறும் பாட்டும் விளையாட்டும் தம் சுவையை இழத்தல். மாலையில் பந்தாடிக் களித்தவன், 'ஆட்டத்தில் என்ன இருக்கிறது?' என்று வினவத் தொடங்குவானாயின், அவன் ஞானியாயினான் என்று கொள்ளற்க. அவன் மூளையின் கணக்குப்புத்தகம் திருத்தப்பட்டுவிட்டது என்று கொள்க. நெற்றிப்புறத்து மூளையே ஆசையை நிறுத்தி ஆராயும் பகுதி. அது முதிர்ந்து நிறைவுறுவதற்கு ஏறக்குறைய 25 வயதாகும் என்பர் நூலோர். கல்லூரியில் நாம் கழிக்கும் ஆண்டுகள் முழுவதும் குதிரைக்கு வலுவேறிக் கடிவாளம் இன்னும் தைத்து முடியாத ஆண்டுகளே.

பொருள்களுள் ஒவ்வொன்றாக விரித்தெழுத இடமில்லை. எனினும் சாராயத்தைப்பற்றி அறிந்தே தீரவேண்டியதொன்றுண்டு. 2024ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்தில் விஷச் சாராயம் அருந்தி 60க்கு மேற்பட்டோர் மாண்டனர். அதற்கு முந்தைய ஆண்டு மே மாதத்தில் மரக்காணத்தையடுத்த பகுதியிலும் செங்கற்பட்டு மாவட்டத்திலும் அவ்வாறே பலர் மாண்டனர். காரணம் மெத்தனால் என்னும் மரச்சாராயம். மணத்திலும் தோற்றத்திலும் குடிக்கும் சாராயத்திற்கு அது உடன்பிறந்தாற் போன்றது. குடித்தவுடன் அது பெருந்தீங்கு செய்யாது. கல்லீரலே அதனை முதலில் பார்மால்டிஹைடு ஆகவும், பின்னர்ப் பார்மிக் அமிலமாகவும் மாற்றுகின்றது. எறும்புகளிற் சிலவற்றின் நஞ்சில் எரிச்சல் விளைப்பதும் அவ்வமிலமே. இரத்தம் புளித்து, கண்ணின் நரம்பு கெட்டு, மூச்சுத் தளர்ந்து மனிதன் வீழ்கின்றான். இம்மாற்றம் நிகழ்வதற்கு அரைநாளோ ஒருநாளோ ஆகும். அவ்விடைவேளையே ஏமாற்றுவது. 'நேற்றிரவு அவனும் குடித்தான், அவனுக்கு ஒன்றுமில்லையே' என்று அடுத்தவன் மறுநாட்காலையில் அதே கலயத்தை நாடுகின்றான். பார்வை மங்கி, எதிரே பனிமூட்டம்போலத் தோன்றுமாயின் ஒரு நாழிகையும் தாழ்க்காது மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். கல்லீரல் அம்மாற்றத்தைச் செய்யாதபடி தடுக்கும் மருந்துகள் உள. காலத்தாற் கொடுக்கப்படின் உயிரும் கண்ணும் பிழைக்கும். போலீசாருக்கு அஞ்சி வீட்டில் மறைத்து வைத்தலே இதில் உயிரிழப்பை மிகுவிப்பது.

மாத்திரைகளின் செய்தி இதனினும் புதிது. நம்மைப்போன்ற இளைஞரிடையே பரவுவதும் அதுவே. டேபென்டடால் முதலிய மாத்திரைகள் அறுவைச் சிகிச்சையுற்றோர்க்கும் புற்றுநோயாளர்க்கும் வலி தணிக்கவென்று செய்யப்பட்டவை; அபினியின் குணத்தைத் தம்முட் கொண்டவை. இவற்றை நீரிற் கரைத்து நரம்பில் ஊசியால் ஏற்றிக்கொள்ளும் வழக்கம் தமிழ்நாட்டு நகரங்களில் இளைஞரிடையே காணப்படுகின்றது. மாத்திரை என்பது மருந்து மட்டுமன்று. அதனை உருட்டித் திரட்டுதற்குச் சுண்ணமும் மாவும்போல்வன சேர்க்கப்படும். வயிற்றிற்குள் சென்றால் அவை கேடுசெய்யா. இரத்தக் குழலிற் சென்றாலோ கரையாது நின்று நுரையீரலின் நுண்குழல்களை அடைக்கும். ஊசியைப் பகிர்ந்துகொள்வோர் கல்லீரல் அழற்சியையும் எய்ட்ஸ் நோயின் கிருமியையும் உடன் பகிர்ந்துகொள்கின்றனர். அபினி வகை எதுவாயினும் மிகுந்தால் மூச்சைத் தூண்டும் மூளையடிப் பகுதியை உறங்கச்செய்யும். அவ்வாறு மாண்டோன் வலியுற்று மாண்டானல்லன். மூச்சுவிட மறந்து மாண்டான். அருகிலிருந்த நண்பர் 'நன்றாகத் தூங்குகிறான்' என்று எண்ணியிருப்பர்.

கஞ்சாவைப்பற்றி விடுதியில் ஒரு வாதம் அடிக்கடி கேட்கப்படும்: அது மூலிகை, இயற்கைப் பொருள், சாமியார்கள் உட்கொள்வது என்று. 1893இல் ஆங்கில அரசாங்கம் அமைத்த ஆராய்ச்சிக் குழுவொன்றும், அளவோடு உட்கொள்வார்க்குப் பெருங்கேடு காணோம் என்று எழுதியது உண்மையே. மறைப்பானேன்? ஆயின் அதே குழு மிகையாக உட்கொள்வதன் தீமையையும் உடன் எழுதிற்று. அக்காலத்துச் செடியினும் இக்காலத்து வணிகர் வளர்க்கும் செடியின் வீரியம் பன்மடங்கு மிக்கது. இளம்பருவத்தே தொடங்கி நாள்தோறும் புகைப்போர்க்குச் சித்தப்பிரமை நேரும் வாய்ப்பு மிகுதியென்பது பிற்கால ஆராய்ச்சிகளால் தெளிந்தது. ஊமத்தையும் எட்டியும்கூட இயற்கைப் பொருள்களே என்பதனை மூலிகை வாதம் செய்யும் நண்பர்க்கு நினைவூட்டுகின்றேன். புகையிலையை விடுகின்றேன், உதட்டிடையே அடக்கிவைக்கும் சிறு பொட்டலங்கள் பள்ளிப்பிள்ளைகள் கைவரை சென்றமை கண்டு 2024இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே கவலை தெரிவித்தது என்பது மட்டும் இங்குப் போதும்.

இத்துணையும் சொன்னால், 'அரசாங்கம் ஏன் விற்கின்றது?' என்று உடனே வினவுவார் உளர். நியாயமான வினாவே. நம் மாநிலத்துச் சரித்திரம் இதில் ஊசல்போல் ஆடியுள்ளது. இராஜகோபாலாச்சாரியார் 1937 அக்டோபர் முதல் நாளன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். அதனால் இழந்த வருமானத்திற்கு ஈடாகவே 1939இல் விற்பனை வரி நம் மாகாணத்திற் புகுந்தது. போர்க்காலத்தில் நிறுத்திவைக்கப்பெற்ற மதுவிலக்கு, ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் ஆட்சியில் 1948 அக்டோபர் 2ஆம் நாள் மாகாணம் முழுவதற்கும் பரவியது. அவர்க்குப்பின் 1949இல் முதலமைச்சரானவர் எம்மூராராகிய பூ. ச. குமாரசாமி ராஜா. தம் இல்லத்தையே காந்தி கலை மன்றத்திற்குக் கொடுத்துவிட்ட அப்பெரியார் காலத்தில் மதுவிலக்கு மாகாணமெங்கும் நடைபெற்றது என்பதில் இராசபாளையத்தார்க்குச் சிறிது பெருமையுண்டு. யானும் அதனை மறைக்கவில்லை. 1971இல் மதுவிலக்குத் தளர்த்தப்பட்டது; 1974இல் மீண்டது; 1981இல் மறுபடியும் கடைகள் திறந்தன; 2003 முதல் சில்லறை விற்பனையை அரசின் வாணிபக் கழகமே நடத்துகின்றது. 2023இல் 500 கடைகள் மூடப்பட்டன. சட்டம் திறந்தும் மூடியும் வருவதொரு கதவு. அதன் நன்மை தீமைகளை வாதிடுதல் நம் கடமைதான். ஆயினும் அவ்வாதம் முடியுமட்டும் நம் இளமை காத்திராது.

இனி இரண்டாவது வினா. தன்னை அறிதல் என்பது யாது?

இராசபாளையத்திற்கு மேற்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவில், மலையடிவாரத்தில், அருவியொன்றன் பக்கலில் நீர்காத்த அய்யனார் கோவில் உளது. வடகிழக்குப் பருவமழையாற் பெருகும் அந்நீர் இராசபாளையத்தார்க்குக் குடிநீராவது. அக்காடு 1988இல் நரையணில்களுக்கென்று சரணாலயமாகி, 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலைப் புலிகள் காப்பகத்துட் சேர்ந்தது. ஊரெல்லையிலும் கண்மாய்க்கரையிலும் அய்யனாரைக் காவல் வைத்தல் தமிழர் வழக்கம். நீர் தோன்றும் இடத்திலேயே காவல் வைத்த எம் முன்னோர் கருத்தை எண்ணுந்தோறும் வியப்பெய்துகின்றேன். நீர் ஊருக்குள் வந்தபின் நூறு குடங்களைக் காப்பதினும், அது புறப்படும் ஒரு வாயைக் காத்தல் எளிதன்றோ?

இத்தகைய கோவில்களை முன்னிட்டே விடுதி நண்பர் ஒருவர், 'சாமியே குடிக்கும்போது ஆசாமி குடித்தாலென்ன?' என்றார். யாவரும் நகைத்தனர். யான் அவ்வாதத்தை நகைப்போடு விடுதற்கு மனமின்றி ஆராய்ந்தேன். தமிழ்நாட்டின் பல அய்யனார் கோவில்களில் அய்யனார்க்குப் படைப்பது பொங்கலும் பழமுமே. கிடாயும் சாராயமும் சுருட்டும் அவர்தம் பரிவாரமாகிய கருப்பசாமி முதலியோர்க்கு உரியன. ஆகவே காவற்படையில் உண்போரும் உளர். அப்படைக்குத் தலைவரோ உண்ணாதவர். இஃதொன்று. மற்றொன்று: அப்படையல் ஆண்டிற்கொருநாள், குறித்த இடத்தில், ஊர்ப்பெரியோர் கண்ணெதிரே, ஒருவர் கையால் அளந்து கொடுக்கப்படுவது. நாளும் இடமும் அளவும் சாட்சியும் என்னும் நான்கு வேலிகளுள் அடைக்கப்பட்டது. வேலியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, உள்ளிருந்ததனை மட்டும் 'மரபு' என்று கையிலெடுத்துச் செல்வார்க்கு அம்மரபு துணையாகாது.

அருவிப் பாறைகளினிடையே உடைந்த புட்டிகளின் சில்லுகளைக் கண்டிருக்கின்றேன். வெறுங்காலோடு நடக்கும் அடியார்க்கும், அவ்வழியே நீருண்ண வரும் விலங்குகட்கும் அவை என்ன செய்யும் என்பது சொல்லவேண்டா. நீலகிரியில் யானைகளின் கால்கள் இவ்வாறு புண்படுதலைக் கண்டே, புட்டியைத் திருப்பித்தருவார்க்குப் 10 ரூபாய் கொடுக்கும் ஏற்பாடு உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி 2022இல் தொடங்கப்பட்டது. குடித்தல் என் சொந்தக் காரியம் என்பார்க்கு யானையின் காலே மறுமொழி.

இது நிற்க. எம் தெருவில் என்னினும் ஏழாண்டு மூத்தவர் ஒருவர் இருக்கின்றார். அண்ணன் என்றே அழைப்பேன். அவர் நூற்பாலையில் இரவுமுறைத் தொழிலாளி. தந்தை நோயாளி, தங்கைக்கு மணம் முடிக்கவேண்டும். இருமுறை வேலையையும் ஒருங்கே ஏற்றுத் தூக்கம் கெட்டார். விழித்திருக்கப் புகையிலை வந்தது. விடிந்தபின் உறங்கச் சாராயம் வந்தது. ஞாயிறுதோறும் நண்பர்களோடு அய்யனார் கோவிலாற்றோரம் செல்லுதல் வந்தது. அவர் சோம்பேறியல்லர், தீயோருமல்லர். குடும்பத்தின்மீது கொண்ட அன்பின் வழியாகவே அது அவருட் புகுந்தது.

இதனைக் கண்டபின் யான் எண்ணலானேன். தீக்குணம் காரணமாகக் குடிக்கத் தொடங்கியவர் ஒருவரையும் நான் அறிந்திலேன். ஒருவன் நட்பின் பொருட்டுத் தொடங்குகின்றான். 'நீ எங்களில் ஒருவனல்லையோ?' என்ற ஒரு சொல் அவனுக்குத் தாங்கமுடியவில்லை. ஒருவன் அஞ்சாமையைக் காட்டத் தொடங்குகின்றான். ஒருவன் துயரத்தைப் பிறர்மேற் சுமத்த மனமின்றித் தனியே விழுங்கத் தொடங்குகின்றான். நட்பு, வீரம், பொறுமை, குடும்பப்பற்று என்பன நாம் போற்றும் குணங்களே. அவற்றின் வாயில்களே திறந்துகிடக்கின்றன. பின்கதவைத் தாழிட்டுக் காத்திருக்கும் நம்மிடம் திருடன் முன்கதவால், விருந்தினனைப்போல, வெற்றிலைபாக்கோடு வருகின்றான். ஆதலின் 'எனக்கு நற்குணங்கள் உள. நான் விழேன்' என்பது காவலாகாது. என் நற்குணங்களுள் எதன் வாயிலாக அது என்னிடம் வரும் என்று அறிதலே காவல். என்னைப்பற்றிக் கேட்பின், எனக்கு அது நட்பின் வாயில். தனித்து விடப்படுதலை யான் பெரிதும் அஞ்சுபவன்.

அப்படியாயின் நட்பை விடுவதா? அன்று. நாம் போற்றுவனவற்றைத் தனித்தனியே எண்ணிச் சொல்லுதல் எவர்க்கும் எளிது. உண்மை, அன்பு, நட்பு, கடமை என்று பள்ளிச்சுவரில் எழுதியும் வைத்துள்ளோம். அவற்றுள் இரண்டு ஒன்றோடொன்று மோதும்போது எதனை முன்வைப்பது என்பதே ஒருவனுடைய உண்மையான மதிப்பீடு. தோழன் நீட்டும் குவளையை மறுக்கும்போது நட்பு குறைவதாகத் தோன்றும். அவ்விடத்தில் 'நான் உன்னோடு அமர்ந்திருப்பேன், இதனை மட்டும் உண்ணேன்' என்று சொல்லி அமர்ந்திருந்தால், நட்பு குவளையிலிருந்ததா தோழனிடத்திருந்ததா என்பது அன்றே தெரிந்துவிடும். சிலர் எழுந்து போவர், போகட்டும். 2019இல் வெளிவந்த அகில இந்தியக் கணக்கெடுப்பின்படி, 10 முதல் 75 வயதுடையாருள் மது அருந்துவோர் நூற்றுக்கு 14.6 பேர், ஆண்மக்களுள் மட்டும் எடுத்தால் 27.3 பேர். 'எல்லோரும் குடிக்கிறார்கள்' என்ற கூற்றின் உண்மை இவ்வளவே. ஆண்மக்களுள்ளும் நால்வரில் ஏறக்குறைய மூவர் அருந்தாதவர். அவர்கள் அதனை விளம்பரம் செய்வதில்லை, ஆதலின் நம் கண்ணிற் படுவதில்லை.

அண்ணனைப்பற்றி முடிக்கவில்லை. அவர் கைந்நடுக்கம் தோன்றிய பின்னர் ஒருநாள் தாமே சினந்து, குடியை அறவே நிறுத்திவிட்டார். மூன்றாம் நாள் இரவு சுவரில் பூச்சிகள் ஊர்கின்றன என்று கூவினார். வீட்டார் பேய்பிடித்தது என்று கோடாங்கியை அழைக்கப் புறப்பட்டனர். நல்லகாலமாக ஒரு செவிலித்தாய் அத்தெருவில் இருந்தார். உடனே அரசினர் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றனர். நாட்பட மிகையாகக் குடித்தவன் திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தபேதமும் நேர்ந்து உயிருக்கே அபாயமாகலாம். மருத்துவர் பார்வையில் நிறுத்துவதே முறை. 'இன்றே விடு, ஆண்மகனானால் விட்டுக்காட்டு' என்று சவால் விடும் நல்லெண்ணத்தார் இதனை அறிதல் நலம்.

குடி ஒரு குணக்கேடு என்பதினும் ஒரு நோய் என்று கொண்டு மருந்தும் உரையாடலும் குடும்பத்தார்க்குப் பயிற்சியும் அளிக்கும் முறை நம் நாட்டில் வேரூன்றியதற்குச் சென்னையில் 1980இல் சாந்தி ரங்கநாதன் அம்மையார் தொடங்கிய மருத்துவமனை பெரிதும் காரணம். கணவரை அந்நோய்க்கே பறிகொடுத்தவர் அவர். அப்பெயராலேயே அந்நிறுவனத்தை நிறுவினார். 1992இல் அவர்க்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது. அமெரிக்காவில் 1935இல் தோன்றிய 'பெயரறியாக் குடியர்' கூட்டத்தாரின் பன்னிரு படிகளுள் ஒன்று, தன் உள்ளத்தை அஞ்சாது சோதித்து ஒரு பட்டியல் எழுதுதல். கடைக்காரன் ஆண்டிறுதியில் சரக்கிருப்புப் பார்ப்பதுபோன்றது அது. நோயுற்றபின் எழுதும் அப்பட்டியலை நோய் வருமுன்னரே எழுதிப்பார்த்தாற் குற்றமில்லை.

மருத்துவர் அண்ணனிடம் கூறியவற்றுள் ஒன்று என் சிந்தையைப் பெரிதும் கவர்ந்தது: 'ஆற்றோரம் ஓராண்டிற்குப் போகவேண்டாம்.' அருவியும் காற்றும் என்ன குற்றம் செய்தன என்று அவர் வருந்தினார். வியட்நாம் போரிலிருந்து 1971இல் மீண்ட அமெரிக்கப் போர்வீரர்களை, லீ ராபின்ஸ் என்னும் அம்மையார் ஆராய்ந்த செய்தியை இதனோடு ஒப்புநோக்கலாம். அங்கிருந்தபோது ஐவருள் ஒருவர் ஹெராயினுக்கு அடிமையாயிருந்தனர். ஊர் திரும்பிய ஓராண்டிற்குள் மீண்டும் அடிமையானோர் அவருள் நூற்றுக்கு 5 பேரே. அடிமைத்தனம் மருந்தினுள் மட்டும் இருந்திருப்பின் இவ்வாறு நேராது. காடும் போரும் அச்சமும் உடனிருந்தோரும் நீங்கியவுடன் பலரிடத்து அதுவும் நீங்கிற்று. இதன் மறுபக்கத்தை நோக்கின், அதே இடமும் அதே வேளையும் அதே முகங்களும் வந்தவுடன் உறங்கியிருந்த ஆசை எழும் என்பது பெறப்படும். போர்வீரர்க்கு அவ்விடம் கடல்கடந்து கிடந்தது. அண்ணனுக்கோ பஸ்ஸில் அரைமணி வழி. 'மாலை ஆறு மணியானால் நான் நினைக்குமுன் கால் அப்பக்கம் திரும்புகிறது, தம்பி' என்று அவரே சொன்னார். காலைப்பற்றி இவ்வளவு அறிந்தவர், கால் திரும்பாதவரினும் தம்மை நன்கறிந்தவர் என்றே யான் கருதினேன்.

சட்டத்தைப்பற்றி ஒரு குறிப்பும் வேண்டும். நம்மில் பலர் அறியாதது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருட் சட்டம் கடுமையானது. கஞ்சா 20 கிலோவிற்கு மேற்பட்டு வைத்திருப்பார்க்குப் பத்தாண்டிற்குக் குறையாத சிறை. சிற்றளவிற்கும் ஓராண்டு வரை சிறையுண்டு. நண்பன் பையைச் சிறிதுநேரம் வைத்திருக்கச் சொல்கிறான் என்று வாங்கி வைப்போர் இதனை எண்ணுக. ஆயின் அதே சட்டத்தின் 64அ பிரிவு, சிற்றளவுக் குற்றத்திற்குள்ளான அடிமைநோயாளர் தாமே முன்வந்து சிகிச்சை பெறின் வழக்கிலிருந்து விடுவிக்கப்பட இடமளிக்கின்றது. சிறைக்கு அஞ்சி மருத்துவரை அணுகாதிருப்பார்க்கு இச்செய்தியைச் சொல்லுதல் பேருதவி. 14446 என்னும் எண்ணில் கட்டணமின்றித் தொலைபேசியில் யோசனை கேட்கலாம், பெயர் சொல்லவேண்டுவதில்லை.

அண்ணன் இப்பொழுது பகல்முறை வேலைக்கு மாற்றிக்கொண்டார். வரும்படி சிறிது குறைவு. எட்டு மாதமாயிற்று. அவர் குடும்பத்தார் அய்யனார்க்குப் பொங்கல் வைப்பதாக நேர்ந்துகொண்டது ஒன்றுண்டு, நாளும் குறித்துவிட்டனர். மருத்துவர் சொன்ன ஓராண்டு இன்னும் நிறையவில்லை. போகாமலிருந்தால் தாயார் மனம் வருந்தும். போனால் ஆற்றோரத்துப் பழைய முகங்கள் அங்கிருக்கும். மருத்துவரையே சென்று கேட்டார். அவர் தடுக்கவுமில்லை, 'போ' என்று சொல்லவுமில்லை, 'தனியே போகாதே, இருட்டுமுன் திரும்பிவிடு' என்றாராம். முதல் பஸ்ஸிலே சென்று, பொங்கல் இறக்கியவுடன், வெயிலேறுமுன் தாயாரோடு திரும்புவதென்று அண்ணன் முடிவு செய்திருக்கின்றார். பானையை எடுத்துவர ஆள்வேண்டும் என்று என்னையும் உடன்வரச் சொன்னார். பானை அவ்வளவு பெரிதன்று என்பது எனக்குத் தெரியும். வருகின்றேன் என்றேன்.